17 பாயிண்டுக்கும் மோட்டாரா, மருமகனே?

வா மருமகனே, உக்காரு. கையில சாத்தூர் காராச்சேவுப் பொட்டணம் இருக்கறதப் பாத்தாலே தெரியுது, புத்தி கேக்க வந்திருக்க. சும்மா வர்ற நாள்ல வெறுங்கைய வீசிக்கிட்டுல்ல வருவ. பொட்டணத்தப் பிரிச்சு இங்கிட்டு வை. ம், மொளகு கொஞ்சம் கம்மி. பரவால்ல, அதுக்குத் தக்கன சொல்றேன்.

மச்சுல பிளைவுட்டப் பரப்பி விருதுநகர் ஜங்ஷனையே எறக்கி வச்சிருக்கியாமே? ஒங்கம்மா வந்து பொலம்பிட்டுப் போனா. "அண்ணே, வத்தல் மூட்டை போட எடமில்ல, மச்சு முச்சூடும் ரயிலு"ன்னா. நாந்தான் சமாதானம் சொல்லி அனுப்புனேன். "ஊருல அவனவன் வெளிய போயித் துட்டத் தொலைக்கிறான், ஒம் மகன் வீட்டுக்குள்ளயே ஒக்காந்து தொலைக்கிறான். கண்ணு முன்னாடிதான இருக்கான், விடு"ன்னேன்.

ஒனக்குத் தெரியாம நானும் மச்சுக்கு ஏறிப் பாத்துட்டேன். குத்தஞ்சொல்ல முடியாது. மதுரைக்கு ஒண்ணு, திருநெல்வேலிக்கு ஒண்ணு, சிவகாசி வழியாச் செங்கோட்டைக்கு ஒண்ணு, அருப்புக்கோட்டை வழியா மானாமதுரைக்கு ஒண்ணுன்னு நாலு பக்கமும் லைன் பிரியுது. ஸ்டேஷன் கட்டடம் பூராவும் ஒன் ஆப்செட் பிரஸ்ல மிஞ்சுன காலண்டர் அட்டை. கூட்ஸ் ஷெட் லைன்தான் அருமை. தீப்பெட்டி ஆபீஸ்ல மருந்து முக்காத வெறுங்குச்சிய வாங்கி, நறுக்கி, ஸ்லீப்பர் கட்டையா ஒட்டியிருக்க. நெசத்துல அகலப்பாதை கான்கிரீட் ஸ்லீப்பர் 2750 மில்லிமீட்டர். நீ கட்டுறது எச்.ஓ. அளவு, 87ல ஒரு பங்கு. வகுத்தா 31.6 வரும். ஸ்கேல வச்சு அளந்தேன், 32க்குத்தான் நறுக்கியிருக்க. சிவகாசியில தீப்பெட்டித் தொழில் 1923ல ஆரம்பிச்சது. அந்தக் குச்சி அடுப்பப் பத்தவச்சிருக்கு, பீடியப் பத்தவச்சிருக்கு. ரயிலுக்கு அடியில போயிப் படுத்தது ஒங் கையாலதான்.

கட்டை சரி. அதுக்கு மேல ஓடுற தண்டவாளத்தப் பாத்தியா? நம்ம அகலப்பாதை 1676 மில்லிமீட்டர். 87ல வகுத்தா 19.3 வரணும். நீ வாங்குனது 16.5. அது 1435 மில்லிமீட்டர் சீமைப் பாதையோட கணக்கு. ஆக, ஒன் ஜங்ஷன்ல செங்கோட்டை பாசஞ்சர் ஜெர்மன்காரன் தண்டவாளத்துல ஓடுது. மீட்டர் கேஜ் வச்சிருந்தா 11.5 வரும், 12 மில்லிமீட்டர்லயே தண்டவாளம் விக்குறான், ஏறக்கொறையப் பொருந்திப் போகும். செங்கோட்டை லைன்ல 2004 வரைக்கும், மானாமதுரை லைன்ல அதுக்குப் பெறகும் மீட்டர் கேஜ்தான கெடந்தது? வாங்குறதுக்கு முன்னாடி கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். நீ வாங்கிட்டுல்ல சேவோட வந்திருக்க!

சரி, சோலிக்கு வருவோம். 17 பாயிண்ட் இருக்கு, 17க்கும் மோட்டார் போடணும், எந்த மோட்டார் நல்லதுன்னு கேக்குற. மூணு தினுசு பாத்து வச்சிருக்க, மூணோட படத்தையும் செல்லுல காட்டுற. மோட்டாரு மொகத்தப் பாத்து நான் என்னத்தச் சொல்ல? எந்தப் பாயிண்டுக்கு, என்ன வேலைக்குன்னு மொதல்ல நீ சொல்லு.

முழிக்கிறயே. பாயிண்டுன்னா ரயில இந்த லைன்ல இருந்து அந்த லைனுக்குத் திருப்புறது, அம்புட்டுத்தானேங்கிற. அம்புட்டுத்தான்னா ரயில்வே எதுக்குப் பாயிண்ட்ஸ்மேன்னு ஒருத்தனுக்குச் சம்பளமும் யூனிபாரமும் குடுத்துச்சு? நான் அந்த யூனிபாரம் போட்டவன். மீட்டர் கேஜ் காலத்துல சின்ன ஸ்டேஷன்கள்ல பாயிண்ட கையாலதான் மாத்துவோம். லீவரத் தூக்கிப் போட்டா நாக்குத் தண்டவாளம், டங் ரயில்ம்பாங்க, அது நகந்து போயி ஓரத் தண்டவாளத்தோட ஒட்டும். அதோட வேலை முடிஞ்சிருச்சுன்னு துண்ட ஒதறித் தோள்ல போட்டுக்கிட்டு டீக்கடைக்குப் போக முடியாது. குனிஞ்சு பாக்கணும், நாக்கு நல்லா ஒட்டியிருக்கா, நடுவுல ஜல்லி கில்லி சிக்கியிருக்கான்னு. பெறகு காட்டர் போல்ட்டப் போட்டுப் பூட்டணும். சாவியக் கொண்டுபோயி ஸ்டேஷன் மாஸ்டர் கிட்டக் குடுக்கணும். அந்தச் சாவி போனாத்தான் கைகாட்டி எறங்கும், வண்டி உள்ள வரும்.

ஆக, பாயிண்டுக்கு மூணு வேலை. மாத்தணும், புடிச்சுக்கிட்டு நிக்கணும், சாட்சி சொல்லணும். நீ மாத்துறத மட்டும் பாத்து மோட்டார் தேடுற. மாத்துறது இதுல கடைசிக் கழுதை வேலை, அத யாரு வேணும்னாலும் செய்யலாம்.

இப்பப் பெரிய ஸ்டேஷன்ல எல்லாம் தண்டவாளத்து ஓரமா ஒரு இரும்புப் பொட்டி கெடக்கும் பாரு, அதுதான் பாயிண்ட் மெஷின். 110 வோல்ட் டி.சி.ல ஓடும். நம்ம கோயம்புத்தூர் பக்கம் போத்தனூர் சிக்னல் ஒர்க்ஷாப்லயே செய்யுறாங்க. அதுக்கு ஒரு பரிச்சை வைப்பாங்க மருமகனே, கேட்டுக்க. நாக்குக்கும் ஓரத் தண்டவாளத்துக்கும் நடுவுல 5 மில்லிமீட்டர் கனத்துக்கு ஒரு இரும்புத் துண்டச் சொருகிட்டு, மெஷின ஓட்டுவாங்க. அப்ப மெஷின் பூட்டிக்கிறக் கூடாது. "ஒட்டிருச்சு"ன்னு தகவல் போகக் கூடாது. உள்ள இருக்கற கிளட்ச் வழுக்கிக்கிட்டு மோட்டார் மட்டும் சுத்தணும், எரிஞ்சு போகவும் கூடாது. இந்த மூணும் சரியா இருந்தாத்தான் மெஷின் பாஸு. இன்னொண்ணும் இருக்கு. தகவல் சொல்றதுக்கு நாக்குல இருந்தே தனிக் கம்பி மெஷினுக்குள்ள போகும். மோட்டார் போயிருச்சுன்னு சொல்றது வேற, நாக்கு போயி ஒட்டிருச்சுன்னு சொல்றது வேற. மோட்டார் பேச்ச ரயில்வே நம்பாது.

நம்பிப் பாயிண்ட் ஒண்ணு சொல்ல, சிக்னல் ஒண்ணு சொன்னா என்ன ஆகும்னு கேக்குறியா? 2023 ஜூன் 2, ஒடிசாவுல பாஹாநகா பஜார். மெட்ராசுக்கு வந்துக்கிட்டிருந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸுக்கு மெயின் லைன்ல பச்சை. பாயிண்ட் லூப் லைனுக்குத் திரும்பிக் கெடந்துச்சு. ஒயர் மாத்துன வேலையில நடந்த தப்பு. 290 உசுருக்கு மேல போச்சு. மறுவருசம் அக்டோபர் 11, நம்ம கவரைப்பேட்டையிலயும் சிக்னல் மெயின் லைனுக்குக் கெடக்க, பாக்மதி எக்ஸ்பிரஸ் லூப் லைன்ல பூந்து நின்ன கூட்ஸுல மோதுச்சு. அங்க உசுரு தப்புச்சு. இத வச்சு நையாண்டி பேச எனக்கு வாய் வராது. தெரிஞ்சுக்கன்னு சொன்னேன், அம்புட்டுத்தான்.

ஒன் மச்சுக்கு வருவோம். அந்த 5 மில்லிமீட்டர 87ல வகுத்தா 0.06 வரும். ஒன் பிரஸ்ல ஓடுற நியூஸ்பிரிண்ட் தாளு கனம். அம்புட்டு நுணுக்கமா எந்தப் பொம்மை மோட்டாரும் பாக்காது, நானும் கேக்கல. காலண்டர் அட்டையில ஒரு துணுக்க நறுக்கி, நாக்குக்கும் தண்டவாளத்துக்கும் நடுவுல சொருகு. பெறகு மோட்டாரத் தட்டி விடு. அப்பத் தெரியும் அதோட கொணம். ஒன் செல்லுல இருக்கற மூணு மாப்பிள்ளைகளையும் அந்த அட்டையக் கொண்டே பாத்துருவோம்.

மொதல்ல காயில் மோட்டார். பெக்கோ பி.எல்.10ன்னு ஒண்ணு காட்டுனியே, அந்த ஜாதி. ரெண்டு காயில், நடுவுல ஒரு இரும்புக் கம்பி. இந்தப் பட்டன அமுக்குனா இங்கிட்டு இழுக்கும், அந்தப் பட்டன அமுக்குனா அங்கிட்டு. இது லட்சுமி வெடி மாதிரி. ஒரே "டப்", சோலி முடிஞ்சுது, அதுக்கப்புறம் அதுக்கும் ஒனக்கும் சம்பந்தமில்ல. அந்த ஒரு நொடிக்கு மூணு நாலு ஆம்பியர் இழுக்கும். நொடிக்கு மட்டும்னா சரி. பட்டன் சிக்கிக்கிச்சுன்னு வையி, இல்ல பக்கத்து வீட்டுப் பய வந்து வெரல எடுக்காம அமுக்குறான்னு வையி, காயில் சூடேறி, மேல பூசுன வார்னிஷ் கருகி, மச்சுல ஒரு வாடை வரும். சிவகாசிக்காரன் வீட்டுல கருகுற வாடை வந்தா ஒங்கம்மா தெருவையே கூட்டிருவா.

அதுக்கு வைத்தியம் இருக்கு. சி.டி.யு.ன்னு சொல்லுவான், கெப்பாசிட்டர் வச்ச சின்னப் பொட்டி. கரண்டச் சேத்து வச்சுப் பட்டன அமுக்குனதும் மொத்தமாக் கொட்டும். அமுக்கிக்கிட்டே இருந்தாலும் அதுக்கு மேல வராது, காயில் பொழைக்கும். அந்தப் பொட்டியத் தொறந்து நோண்டும்போது மட்டும் கெப்பாசிட்டர எறக்கிட்டுக் கைய வை. வெடி ஆபீஸ்ல மருந்து ரூம்புக்குள்ள போகுமுன்ன செம்புத் தகட்டத் தொட்டு ஒடம்புக் கரண்ட எறக்கிட்டுப் போறவன் ஒங்க ஊர்க்காரன், ஒனக்கு நான் சொல்ல வேண்டியதில்ல.

அட்டையச் சொருகிக் காயிலத் தட்டுனா? "டப்"னு அடிக்கும், நாக்கு அட்டையில மோதி நிக்கும். காயில் வேலை முடிஞ்சுதுன்னு ஒதுங்கிரும். அட்டைய உருவுனாலும் மறுபடி தள்ள ஆளில்ல. பெக்கோ பாயிண்டுல உள்ளயே ஒரு ஸ்பிரிங் இருக்கு, நாக்கு நடுக்கோட்டத் தாண்டியிருந்தா அந்த ஸ்பிரிங் இழுத்து மூடும், காயிலோட மானத்த அதுதான் காப்பாத்தும். ஸ்பிரிங் இல்லாத பாயிண்டுல காயில் போட்டா, வண்டி போற அதிர்வுல நாக்கு தன்னப்போல நகந்து வரும். சாட்சி சொல்றதும் இதுக்குத் தானா வராது, ஒட்டு ஸ்விட்ச் தனியா வாங்கி மாட்டணும்.

சாட்சிங்கிறேன், ஒனக்கு எதுக்குன்னு வெளங்குச்சோ இல்லையோ. பாயிண்டுல ரெண்டு லைனும் குறுக்க வெட்டுற மூக்கு இருக்கு பாரு, கிராசிங் மூக்கு, வெளிநாட்டுக்காரன் ஃப்ராக்ம்பான். அது பிளாஸ்டிக்கா இருந்தா கரண்ட் ஏறாது. நீளமான டீசல் எஞ்சின் தாண்டிரும், ஒன் குட்டி ஷண்டிங் எஞ்சின் அதுமேல வந்து படுத்துக்கும். நீ வெரலால நெம்பணும், நெம்பிட்டு மருமகன் மொகத்தத் தொங்கப் போடணும். இரும்பு மூக்கா இருந்தா, பாயிண்ட் எங்கிட்டுத் திரும்பியிருக்கோ அதுக்குத் தக்கன பிளஸ், மைனஸ் மாத்திக் குடுக்கணும். குடுக்கலேன்னா ஷார்ட். பாயிண்ட் எங்கிட்டு இருக்குன்னு கரண்டுக்கு யாரு சொல்றது? அதத்தான் சாட்சிங்கிறேன்.

ரெண்டாவது, டார்ட்டாய்ஸு. அமெரிக்காவுல சர்க்யூட்ரான் கம்பெனி செய்யுறது. பலகைக்கு அடியில மாட்டுறது, 12 வோல்ட் டி.சி. இத எனக்குப் புடிக்கும், ஏன்னா இது சோம்பேறியில்ல, ஆனா அவசரமும் படாது. நாக்கு ஒரு பக்கத்துல இருந்து மறுபக்கம் போக மூணு செகண்ட் ஆகும். நெசப் பாயிண்ட் மெஷினும் ஏறக்கொறைய அப்படித்தான் நகரும். போயிச் சேந்ததும் நிக்கும், ஆனா கரண்ட வெட்டாது, தள்ளிக்கிட்டே நிக்கும். எரிஞ்சிராதாங்கிற? எரியாது. அப்படி நிக்கும்போது இழுக்குறது 16 மில்லி ஆம்பியர்தான். 17 மோட்டாரும் ஒண்ணாத் தள்ளிக்கிட்டு நின்னாலும் 272 மில்லி ஆம்பியர். பழைய அரை ஆம்பியர் அடாப்டர் ஒண்ணு மச்சுல கெடந்தாப் போதும்.

அட்டையச் சொருகிப் பாரு. தள்ளும், அட்டையில முட்டும், முட்டிக்கிட்டே நிக்கும். அட்டைய உருவுன அடுத்த நிமிசம் நாக்கு போயி ஒட்டிரும். புடிச்சு நிக்கறதுன்னா இதுதான். உள்ளயே ரெண்டு ஜோடி ஸ்விட்ச் இருக்கு. ஒண்ணு கிராசிங் மூக்குக்கு, இன்னொண்ணு பேனல்ல லைட் எரிய. ஆனா, மோட்டார் போனத வச்சுச் சாட்சி சொல்லுமே ஒழிய, நாக்கு போனத வச்சு இல்ல. அட்டை சொருகி இருக்கும்போதும் "போயிருச்சு"ன்னுதான் சொல்லும். ரயில்வேக்காரன் தனிக் கம்பி எதுக்குப் போடுறான்னு இப்பப் புரியுதா? பெக்கோ பாயிண்டுல இத மாட்டுனா உள்ள இருக்கற ஸ்பிரிங்க கழட்டிரு. ரெண்டு பேரு புடிச்சு இழுத்தா நாக்குதான் பாவம். சத்தம் பிடிக்கலேன்னா 9 வோல்ட்ல ஓட்டு.

கொறை என்னன்னா வெலை. கப்பல்ல வரணும், சுங்கம் கட்டணும். 17க்கும் இத வாங்குனா ஒங்கம்மா வத்தல் மூட்டைய வித்தாலும் கட்டாது. அதுக்கு எடமும் வேணும், அத அப்பறம் சொல்றேன்.

மூணாவது செர்வோ. ஒங் கண்ணு அதுமேலதான் இருக்குன்னு எனக்குத் தெரியும், வெலையச் சொல்லும்போது பல்லு அத்தனையும் தெரிஞ்சுதே. பொம்மை ஏரோபிளேன்ல எறக்கையத் திருப்புறதுக்குச் செஞ்சது, எஸ்.ஜி.90ம்பான், எடை 9 கிராம். ஒரு டார்ட்டாய்ஸ் வெலையில பத்துக்கு மேல வாங்கலாம். மூணு ஒயர்: பழுப்பு மைனஸ், செவப்பு 5 வோல்ட், ஆரஞ்சுல சேதி. 20 மில்லி செகண்டுக்கு ஒரு தரம் துடிப்பு போகும். துடிப்பு 1 மில்லி செகண்ட் இருந்தா ஒரு கோடி, 2 இருந்தா மறுகோடி. அத அனுப்ப ஆர்டுயினோங்கிற குட்டிக் கம்ப்யூட்டர் போர்டு வேணும், புரோகிராம் எழுதணும். பைய நகரணும்னா பைய நகரும், எங்க நிக்கணும்னாலும் நிக்கும். சொன்ன பேச்சு கேக்கும். கேக்குற பேச்சு ஒழுங்கா இருக்கணும், அம்புட்டுத்தான்.

அட்டையச் சொருகு. ஐயோ, அது படுற பாட்டப் பாரு. "போகணும்னு சொன்னாங்களே, போக முடியலயே"ன்னு "ங்ங்ங்"னு அனத்தும். ஒண்ணு சிக்குனா அரை ஆம்பியருக்கு மேல இழுக்கும். அத ஆர்டுயினோ போர்டுல இருக்கற 5 வோல்ட்ல இருந்தே குடுத்தியோ, போர்டு தலையக் கவுந்துரும். செர்வோவுக்குத் தனி 5 வோல்ட் சப்ளை, மைனஸ் ஒயர் மட்டும் ரெண்டுக்கும் ஒண்ணாச் சேக்கணும். கையில இருந்து நாக்குக்குப் போற கம்பிய மெல்லிசு ஸ்டீல் கம்பியில வளைவு வச்சு மாட்டு, கொஞ்சம் கூடத் தள்ளுனாலும் கம்பி வளைஞ்சு கொடுக்கும். போயிச் சேந்ததும் துடிப்ப நிறுத்திரு, அனத்தல் நின்னுரும். பல்சக்கரம் இறுகிக் கெடக்கறதால நாக்கு எடத்த விட்டு நகராது.

இன்னொரு கூத்து. நம்ம ஊர்ல கரண்ட் போயி வந்தா ஒன் 17 செர்வோவும் தூக்கத்துல ஒதறுன கணக்கா ஒரு துள்ளு துள்ளும். வண்டி பாயிண்ட் மேல நின்னுச்சுன்னா முன் சக்கரம் மதுரைக்கும் பின் சக்கரம் மானாமதுரைக்கும் போகும். ஆர்டுயினோ முழிச்சு நிதானத்துக்கு வந்த பெறகு செர்வோவுக்குக் கரண்ட் போறாப்புல ஒரு ரிலே போட்டா அடங்கும். சாட்சி? ஒண்ணும் கெடையாது. மைக்ரோ ஸ்விட்ச் ஒண்ணத் தனியா மாட்டணும். அதையே நாக்குக் கம்பி மேல தட்டுறாப்புல மாட்டுனியோ, ரயில்வே கணக்குக்கு வந்துட்ட. டார்ட்டாய்ஸுக்கே இல்லாத யோக்கியதை.

செர்வோவ வரிசையா ஓட்ட ஒரு போர்டு விக்குறான், பி.சி.ஏ.9685. எத்தனை செர்வோ ஓட்டும் தெரியுமா? 16. ஒங்கிட்ட 17 பாயிண்ட். அந்த ஒத்தைப் பாயிண்டுக்காக இன்னொரு போர்டு வாங்கப் போற, மெய்யா இல்லையா? வாங்கிட்டு, 15 எடம் சும்மா கெடக்கேன்னு இன்னும் 15 பாயிண்ட் வாங்குவ. ஒன்ன எனக்குத் தெரியாதா?

இதுல ஒன்னய மட்டும் குத்தஞ்சொல்லி என்ன? அமெரிக்காவுல எம்.ஐ.டி. காலேஜ்ல 1946ல ரயில் மாடல் சங்கம் வச்சாங்க. மேல மலை, மரம், வீட்டுக்கு வண்ணம் பூசுறவங்க ஒரு கோஷ்டி. பலகைக்கு அடியில படுத்துக் கெடந்து சிக்னலும் கரண்டும் பாக்குறவங்க இன்னொரு கோஷ்டி. அடிக் கோஷ்டிப் பயக டெலிபோன் எக்சேஞ்சு ரிலேக்களப் போட்டுப் பாயிண்ட ஓட்டுனாங்க, அந்தக் கிறுக்குலயே போயிக் கம்ப்யூட்டர்ல கை வச்சு, பெரிய பேரு வாங்குனாங்க. இத ஒங்கம்மா காதுல போட்டு வை, மச்ச இன்னும் கொஞ்ச நாளைக்கு விட்டு வைப்பா. புனே கோத்ருட்ல பாவ்சாகேப் ஜோஷின்னு ஒரு மனுசன் எச்.ஓ. அளவுலயே ஒரு ஊரக் கட்டி, 1998 ஏப்ரல் 1ல மியூசியமாத் தொறந்தாரு. ஏப்ரல் 1ன்னதும் ஏமாத்துன்னு நெனைக்காத, நெசந்தான். காசு குடுத்துப் பாக்க வர்ற ஜனங்களுக்கு முன்னாடி தெனமும் ரயில் ஓடியாகணும். ஒனக்கு அந்தக் கட்டாயம் என்ன? ஒன் ரயிலப் பாக்குறது நீ, பக்கத்து வீட்டுப் பய, பெறகு நான்.

அதனால நாலாவது மாப்பிள்ளை ஒருத்தனச் சொல்றேன், ஒன் செல்லுல அவன் படம் இல்ல. ஸ்லைடு ஸ்விட்ச். ரேடியோ ரிப்பேர்க் கடையில பத்து இருவது ரூவாய்க்குக் கெடைக்கும், ஆறு கால் உள்ளதா வாங்கு. பலகை ஓரத்துல பதிச்சு, அதோட குமிழுல ஓட்டை போட்டு, ஒரு ஸ்டீல் கம்பிய மாட்டிப் பாயிண்டோட நாக்குப் பட்டைக்கு இழுத்து விடு. ஒன் பாயிண்டுல நாக்கு நகர வேண்டியது ரெண்டு மூணு மில்லிமீட்டர்தான். ஸ்விட்ச் கொஞ்சம் கூடவே நகரும், மிச்சத்தக் கம்பி வளைஞ்சு வாங்கிக்கிரும். வெரலால தள்ளு. மாத்துச்சா? மாத்திருச்சு. ஸ்விட்ச் உள்ள இருக்கற பள்ளத்துல குமிழ் விழுந்து நிக்குது, புடிச்சாச்சு. ஆறு காலுல மூணு கிராசிங் மூக்குக்குக் கரண்ட மாத்திக் குடுக்குது, மூணு பேனல்ல லைட்டப் போடுது. சாட்சியும் ஆச்சு. மூணு வேலையையும் பத்து ரூவாயில பாத்துட்டான். காலண்டர் அட்டையச் சொருகுனா? ஒன் வெரலுக்கே தெரியும், "எதுவோ சிக்கியிருக்கு"ன்னு. அந்த அறிவு வேற எந்த மோட்டாருக்கும் கெடையாது.

மொகத்தச் சுளிக்காத. மோட்டாரே வேண்டாம்னா நான் சொன்னேன்? கை எட்டாத எடத்துக்கு மோட்டார், கை எட்டுற எடத்துக்குக் கை. ஒன் மச்சுல நான் எண்ணிட்டுத்தான் வந்தேன். முன்பக்கம் கூட்ஸ் ஷெட்டு, பிளாட்பாரம்னு 11 பாயிண்ட், ஒக்காந்த எடத்துல இருந்தே தொடலாம். அது 11க்கும் ஸ்லைடு ஸ்விட்ச். பின்னால அட்டை மலைக்கு அடியில மறைஞ்சு கெடக்கற லூப் லைனோட ரெண்டு தலைப்புலயும் ரெண்டு பாயிண்ட், அது கண்ணுக்கும் தெரியாது, கைக்கும் எட்டாது. அதுக்குத் துட்டப் பாக்காம டார்ட்டாய்ஸு. அதுலயும் நாக்கத் தட்டுறாப்புல ஒரு மைக்ரோ ஸ்விட்ச் போடு, ஏன்னா அங்க வண்டி கவுந்தா மலையத் தூக்கணும். செங்கோட்டை லைன் பிரியுற எடம், மானாமதுரை லைன் பிரியுற எடம், இந்த ரெண்டும் ஓரமா, எல்லார் பார்வையும் படுற எடத்துல இருக்கு. அதுக்குச் செர்வோ. நாக்கு பைய நகர்றத வந்தவங்க பாப்பாங்க, நீ புரோகிராம் எழுதிப் பழகுன மாதிரியும் ஆச்சு, மொரண்டு புடிச்சா ஒடனே கழட்டலாம்.

11, 2, 2, ஆக 15. மிச்சம் ரெண்டு எங்கன்னு பாக்குறியா? மெயின் லைனுக்கும் லூப்புக்கும் நடுவுல கிராஸ் ஓவர் ஒரு ஜோடி இருக்கு. அதுல ரெண்டு பாயிண்டும் ஒண்ணாத் திரும்பணும், ஒண்ணு மட்டும் திரும்புனா வண்டி எறங்கிரும். அங்க காயில் போடு, ஒரே பட்டன்ல ரெண்டும் "டப்"புன்னு திரும்பும், பெக்கோ ஸ்பிரிங் புடிச்சுக்கிரும். காயில் ஏன்னா, நீ ஏற்கெனவே ரெண்டு வாங்கி வத்தல் மூட்டைக்குப் பின்னால ஒளிச்சு வச்சிருக்க. ஒங்கம்மா சொல்லிட்டா. சி.டி.யு. வாங்காம அதத் தொடாத.

இன்னொரு சங்கதி. டார்ட்டாய்ஸுக்குப் பலகைக்கு அடியில எட்டரை சென்டிமீட்டர் கிட்ட ஆழம் வேணும். ஆர்டர் போடுற பட்டன அமுக்குறதுக்கு முன்ன, அந்த மலைக்கு நேரா அடியில தலைய விட்டுப் பாரு மருமகனே. ரெண்டு பாயிண்டுல ஒண்ணுக்குச் சரியா நேர் கீழ குறுக்குச் சட்டம் அடிச்சு வச்சிருக்க. மொதல்ல அத அறுத்துத் தள்ளி அடி, மோட்டார அப்பறம் வாங்கலாம்.